மேல்தகட்டுத் துரு

கமஹுவானியைத் தாண்டியதும் சாலை கொஞ்சம் மேடேறும். மேடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். குதிரை வண்டிக்காரன்கூட அங்கே சாட்டையை எடுக்கமாட்டான். எவேலியோவின் கார் மட்டும் அந்த மேட்டில் பாதி ஏறியதும் இரண்டு தடவை இருமும், முன்னும் பின்னும் ஒரு உலுக்கு உலுக்கும், அப்புறம் நின்றுவிடும். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து இதே கூத்துதான். அன்றைக்கும் கைபரியெனிலிருந்து சாந்தா கிளாராவுக்கு ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போனபோது, தவறாமல் நின்றது.

"இறங்கணுமா?" என்று பின்சீட்டிலிருந்து மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள்.

"வேண்டாம்மா. செத்த நேரம் உக்காந்திருங்க. அதுவா கிளம்பும்."

"அதுவா கிளம்பும்னா நீ எதுக்குப்பா இருக்க?"

"சும்மா இரு, அவரைச் சீண்டாத" என்றார் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்தவர். "வண்டிக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. எங்கப்பாவும் மாடிப்படியில பாதியில இப்படித்தான் நிப்பாரு. கூப்பிட்டா கோவம் வரும் அவருக்கு."

எவேலியோ பானெட்டைத் தூக்கினான். பெட்ரோல் பம்ப்புக்குப் பக்கத்தில் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். அடியில் காபி வண்டல் மாதிரிப் பழுப்பாகச் சேறு. அதைக் கோழிக்கார அம்மாளிடம் ஜன்னல் வழியாகக் காட்டினான்.

"பாருங்க. பெட்ரோல்ல தண்ணி கலந்தா இப்படித்தான். எல்லாம் எம் மச்சான் கைங்கரியம்."

சேறு இருந்தது நிஜம். அது யார் வீட்டுச் சேறு என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கிண்ணத்தைத் துடைத்து மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினான். வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிற்று.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். உடம்பு அமெரிக்காவில் பிறந்தது. எஞ்சின் ஒரு ரஷ்யக் காருடையது. ஸ்டீயரிங் ஏதோ ஒரு ஜீப்பிலிருந்து வந்தது. பின்கதவுக் கைப்பிடி ஒரு பழைய ஃபிரிட்ஜினுடையது. பிறந்தபோது கூடவே வந்த உறுப்பு என்று மிச்சமிருந்தது பெட்ரோல் டேங்க் ஒன்றுதான். எவேலியோவுக்கு அதில் ஒரு பெருமை. "டேங்க் ஒரிஜினல்" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வான், அவர்கள் என்னவோ டேங்க்கில் உட்கார்ந்து வரப்போகிறவர்கள் போல. அதனால் வண்டி நிற்க ஆரம்பித்ததும் அவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். பம்ப்புக்குள் இருக்கும் ரப்பரை மாற்றினான். தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் சூடாகிறதோ என்று ஈரத்துணி சுற்றிவைத்தான். எதுவும் அகப்படாதபோது மனைவியின் அண்ணன் ரெமிஹியோவைச் சந்தேகப்பட்டான். டேங்க்கை மட்டும் விட்டுவிட்டான். ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாகத் தெரிந்த கதைதான்.

ரெமிஹியோவுக்கு வேலை குடை ரிப்பேரும் லைட்டர் ரிப்பேரும். அவரிடமும் ஒரு கார் இருந்தது. போலந்தில் செய்த குட்டிக் கார், இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளின் முழங்கால் வெளியே நிற்கும். அதன் எஞ்சின் போய் எத்தனையோ காலம். ஆனால் பதிவுப் பத்திரம் உயிரோடு இருந்தது. பெட்ரோல் பஞ்சத்தில் ஊரே முறை வைத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, பத்திரம் உள்ள கார்களுக்கெல்லாம் முறை வந்தது, எஞ்சின் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. முறை வந்த அன்று ரெமிஹியோ ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வார், தெருக்காரர்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே தள்ளுவார்கள். பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு அதே மாதிரி திரும்பி வருவார்கள். வீட்டில் குழாய் போட்டு உறிஞ்சி, கேனில் பிடித்து, முக்கால்வாசியை எவேலியோவுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். எவேலியோ டாக்ஸி ஓட்டியது பெரும்பாலும் அந்த எஞ்சினில்லாத காரின் புண்ணியத்தில்தான்.

வந்த பெட்ரோலை எவேலியோ கண்ணுக்குள் வைத்துக் காத்தான். பஞ்சம் ஆரம்பித்த புதிதில் அடுத்த தெருவில் ஒருவனுடைய டேங்க்கைத் திருடர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் எவேலியோ தன் டேங்க்கில் ரப்பர் குழாயை விட்டு, வாயால் இழுத்து, கடைசிச் சொட்டுவரை கேனில் வடித்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிடுவான். காலையில் திரும்ப ஊற்றுவான். ஊரில் பல பேர் இதைச் செய்வதுண்டு. எவேலியோ அளவுக்கு வெறியோடு யாரும் செய்ததில்லை. டாக்டர் தலைகீழாக நின்றும் விடாத சிகரெட்டை, கட்டிலுக்கடியில் கேன் வந்ததும் விட்டுவிட்டான்.

ரெமிஹியோவை அவன் பழித்தது வீட்டில் இல்லை. பூங்காவுக்கு எதிரே டாக்ஸி ஸ்டாண்டில், டிரைவர்கள் அத்தனை பேரும் இருக்கும்போது. அன்று காலை வண்டி இரண்டு தடவை வழியில் நின்றிருந்தது. அந்த எரிச்சலில் இருந்தபோது ரெமிஹியோ சைக்கிளின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மச்சான், தண்ணி வேணும்னா நான் கடல்லயே மொண்டுக்குவேனே" என்றான் எவேலியோ. "அதை எதுக்கு நீங்க பெட்ரோல் கேன்ல சுமந்துட்டு வரீங்க?"

டிரைவர்கள் சிரித்தார்கள். பருமனான உலிசெஸ் என்பவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். ரெமிஹியோ கேனை அவிழ்த்துக் கீழே வைத்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெறும் வசவாக இருந்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருக்கும். நல்ல கேலியாக அமைந்து தொலைத்ததுதான் வினை. ஊர் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. அடுத்து ரெமிஹியோவின் முறை வந்தபோது காரைத் தள்ள அவர் கூப்பிட்டார். "எதுக்கு, பக்கத்துலதான் கடல் இருக்கே" என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் வரவில்லை. முறை கைவிட்டுப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எவேலியோ வீட்டுக்கு டொமினோ ஆட வருவதை ரெமிஹியோ நிறுத்திக்கொண்டார். குடை ரிப்பேருக்கு வருகிறவர்கள்கூடக் கம்பியை மாற்றினாரா பழசையே போட்டாரா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

எவேலியோவின் மனைவி நெரெய்தாவுக்கு மூன்று உடன்பிறப்புகள். அதில் இரண்டு பேர் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் போய்விட்டார்கள். இந்தத் தீவில் அவளுக்கு ரத்தம் என்று மிஞ்சியிருந்தவர் ரெமிஹியோ ஒருவர்தான். அண்ணன் வராமல் போன முதல் ஞாயிறு அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பேசவில்லை. எவேலியோ சாந்தா கிளாராவிலிருந்து வந்து, கோழிக்கார அம்மாளிடம் கிண்ணத்தைக் காட்டிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்ன அன்றுதான் அவள் வாய் திறந்தது.

"இனிமே ஏறவங்க எறங்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லப் போறியா?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"உள்ளதா இல்லையான்னு நீ பாத்தியா? கிண்ணத்துல சேறு இருக்கு. அது பெட்ரோலோட வந்துதுன்னு எப்படித் தெரியும்?"

"வேற எங்கேர்ந்து வரும்?"

"அதைத்தான் பாக்கலாம்ங்கறேன். தண்ணி கலந்ததுன்னு தெரிஞ்சா, எங்கண்ணன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். இல்லன்னு தெரிஞ்சா என்ன செய்யணும்னு உனக்கே தெரியும்."

அடுக்களைத் தொட்டிக்குக் கீழேயிருந்து ஒரு கேனை அவள் இழுத்தாள். ஸ்டாண்டில் ரெமிஹியோ வைத்துவிட்டுப் போன அதே கேன். எவேலியோ ரோஷத்தில் அதைத் தொடவில்லை. நெரெய்தா அன்று மாலையே போய் எடுத்து வந்து வைத்திருந்தாள்.

இரண்டு காலி ரம் பாட்டில்களைக் கழுவி, உலர்த்தி, இரண்டிலும் அந்தக் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். இரண்டையும் ஜன்னலில் வைத்துவிட்டுக் காபி போட்டாள். காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். தண்ணீர் விட்ட பாட்டிலின் அடியில் கண்ணாடிக் குண்டு போல ஒரு துளி தனியாக உருண்டுகொண்டிருந்தது. மற்றதில் ஒன்றுமில்லை. சாய்த்துப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான், மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தான்.

"இந்தத் தடவை ஒழுங்காக் கொண்டுவந்திருப்பார்" என்றான்.

"நீ கேலி பண்றதுக்கு முன்னாடி ஊத்தின கேன் இது. நீ கேலி பண்ணப் போறேன்னு அவருக்குக் கனவா வந்துது?"

எவேலியோ பாட்டிலைத் திரும்ப ஜன்னலில் வைத்தான். ஆனாலும் ஒரு பாட்டிலுக்காக மனிதன் தன் கட்சியை விட்டுவிடுவானா? "பாட்டில்ல பாக்கறது வேற, மேட்டுல ஏத்தறது வேற" என்றான்.

"அப்ப மேட்டுலயே ஏத்திப் பாரு. டேங்க்கை விட்டுடு. கேன்லேர்ந்தே எஞ்சினுக்குக் குழாய் போடு."

அது எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். கேனைக் கம்பியால் பானெட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டான். குழாயின் ஒரு முனையைக் கேனுக்குள்ளும் மறுமுனையைப் பம்ப்பிலும் சொருகினான். டேங்க்கிலிருந்து வரும் பாதையை அடைத்துவிட்டான். நெரெய்தா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பயணிகள் யாரையும் ஏற்றவேண்டாம் என்றாள்.

வழியில் ரெமெதியோஸ் ஊர் வந்தது, போயிற்று. கமஹுவானி வந்தது. மேடு தொடங்கியதும் எவேலியோவின் காது எஞ்சினில் ஒட்டிக்கொண்டது. தன் வண்டி நின்றுவிட வேண்டும் என்று ஒரு டிரைவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டு மேடேறியது அந்தச் சாலையில் அதுவே முதல் தடவையாக இருக்கும். வழக்கமாக இருமும் இடம் வந்தது. வண்டி இருமவில்லை. உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி வந்து, மறுபடி ஏறியது. நெரெய்தா ஜன்னல் பக்கம் கையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நிக்கணும்னு வேண்டிக்கிட்டியா?" என்றாள்.

"ஏன் கேக்கற?"

"உதடு அசைஞ்சுது."

ஆக எஞ்சினில் குற்றமில்லை. பெட்ரோலிலும் குற்றமில்லை. பாக்கியிருந்தது ஒரிஜினல் டேங்க்தான்.

மறுநாள் முற்றத்தில் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்திக் கட்டைகள் கொடுத்துக் கீழே படுத்தான். டேங்க்கைத் தாங்கும் பட்டைகளின் போல்ட்டுகள் அவன் பிறப்பதற்கு முன்பே துருப்பிடித்து இறுகியவை. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, திட்டி, மறுபடி ஊற்றி, ஒருவழியாகத் திருகி எடுத்தான். டேங்க்கை மார்பில் ஏந்தி இறக்கியபோது உள்ளே சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. மரக்காஸ் கிலுகிலுப்பையைக் குலுக்கியது போலத் தாளம் தப்பாமல் கேட்டது.

"ஆடலாம் போலிருக்கே" என்றாள் நெரெய்தா.

பழைய தலையணை உறையை வடிகட்டியாகப் பிடித்து டேங்க்கைக் கவிழ்த்தார்கள். கொஞ்சம் பெட்ரோலும், அதோடு செதில் செதிலாகத் துருவும் விழுந்தன. சில பொடி. சில கட்டைவிரல் நகம் அகலம், மீன் செதில் போல மெலிசு. எவேலியோ ஒரு தட்டில் பெட்ரோலை ஊற்றி அதில் அந்தச் செதில்களைப் போட்டான். குழாயை வைத்து வாயால் உறிஞ்சினான். கொஞ்சம் வந்தது, பிறகு வரவில்லை. ஒரு செதில் போய்க் குழாயின் வாயில் அப்பிக்கொண்டிருந்தது. உறிஞ்சுவதை நிறுத்தினான். செதில் தானாகக் கழன்று கீழே போயிற்று. மறுபடி உறிஞ்சினால் மறுபடி பெட்ரோல் வந்தது.

மேட்டில் வண்டி நின்றதும், கொஞ்சம் பொறுத்தால் அதுவாகவே கிளம்பியதும் அந்தத் தட்டில் அப்படியே நடந்தது. மேடேறும்போது எஞ்சின் பெட்ரோலை வேகமாக இழுக்கும், செதில் வந்து டேங்க்குக்குள் இருக்கும் குழாயின் வாயை அடைக்கும். எஞ்சின் நின்றால் இழுப்பு போய்விடும், செதில் விழுந்துவிடும். கிண்ணத்தில் இருந்த சேறு செதில் போக மிஞ்சிய பொடி. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சற்று நேரம் தட்டையே பார்த்தான்.

"சரி, துரு" என்றான். "துரு எதனால வரும்? தண்ணியால. தண்ணி எங்கேர்ந்து வரும்? பெட்ரோலோடதான். போன வருஷமெல்லாம் கலந்திருப்பார், இப்ப நிறுத்தியிருப்பார்."

நெரெய்தா கோபப்படவில்லை. அவளுக்கும் அந்த நொடியில் உள்ளே ஒரு பயம் வந்தது. "உள்ள பாரு" என்றாள். "எங்க துரு பிடிச்சிருக்குன்னு பாரு."

உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டினார்கள். பெட்ரோல் அளவு காட்டும் மிதவை பொருத்தியிருந்த ஓட்டை வழியாக அதை உள்ளே விட்டு டார்ச் அடித்தார்கள். டார்ச் வேண்டும் என்று நெரெய்தா கண்டிப்பாகச் சொன்னாள். உலிசெஸ் ஒருமுறை தீக்குச்சி வெளிச்சத்தில் டேங்க்குக்குள் எட்டிப்பார்த்தான், அவன் புருவம் இன்னும் பழையபடி வளரவில்லை.

முதலில் அடித்தகட்டைப் பார்த்தார்கள். வண்டல் கிடந்தது. குச்சியில் துணி சுற்றித் துடைத்தால் கீழே சாம்பல் நிறத்தில் தகடு சுத்தமாக இருந்தது. ஒரு சொறி இல்லை. சுவரில் இரண்டு விரல் உயரம்வரை அதே மாதிரி. அதற்கு மேலே கோடு கிழித்தது போல நிறம் மாறியது. கண்ணாடியைத் திருப்பி மேல்தகட்டைக் காட்டியபோது எவேலியோ டார்ச்சை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி எரியவிட்டான். மேல்தகடு முழுக்கச் சிவந்து, கொப்புளம் கொப்புளமாக வெடித்து, அடுக்கடுக்காக உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து சுட்டுவிரலால் அழுத்தினால் அமுங்கியது.

நெரெய்தா கண்ணாடியை வாங்கி அவளும் பார்த்தாள். முகத்திலிருந்த பயம் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்து மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள்.

"நிரம்பின டப்பா உள்ள துருப்பிடிக்காது" என்றாள். "உப்புத்தண்ணியே ஊத்தியிருந்தாலும் சீக்கிரம் பிடிக்காது. குறைச்சலா ரொப்பின டப்பாவைத் திறந்தா, மீனுக்கு மேல வெறும் எடம் இருக்குல்ல, அங்க சிவப்பா இருக்கும். அதை வெச்சே எந்த மேசைக்காரி கஞ்சத்தனம் பண்ணினான்னு கண்டுபிடிப்போம். காத்து படற எடந்தான் போகும்."

எவேலியோ மறுபடி மேல்தகட்டை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"பாட்டில்ல பாத்தியே, தண்ணி எங்க போய் உக்காந்துது?"

"அடியில."

"எங்கண்ணன் தண்ணி கலந்திருந்தா அடித்தகடுதான் ஓட்டையாகியிருக்கணும். அடி நல்லாருக்கு. மேல போயிருக்கு." கண்ணாடியைக் கீழே வைத்தாள். "இந்த டேங்க் ராத்திரில என்னிக்காவது நிறைஞ்சு இருந்துதா, எவேலியோ?"

அதற்கு அவளிடம் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. தினமும் மாலையில் குழாய் எட்டியமட்டும் உறிஞ்சியவன் அவன். குழாய்க்கு எட்டாத இரண்டு விரல் பெட்ரோல்தான் அடித்தகட்டைக் காப்பாற்றியது. மிச்ச இடமெல்லாம் ராத்திரி முழுக்கக் கடல்காற்று. மூடி தொலைந்து வெகுகாலமாகிறது, துணி சுற்றிய கட்டையைத்தான் சொருகிவைத்திருந்தான். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகடு இரவில் குளிர்ந்து உள்ளே வியர்த்திருக்கிறது. தண்ணீர் வந்தது உண்மைதான். அதற்கு வாசலைத் திறந்துவிட்டவன் அவனே. யாரோ ஒரு திருடன் வருவான் என்று பயந்து அவன் தன் டேங்க்கைத் தானே தின்றுவிட்டான்.

முற்றத்து நிழல் சுவர்வரை நீளும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்குள் ஒரு யோசனை ஓடிற்று, மறைப்பதற்கில்லை. மேல்தகட்டை மாற்றிப் பற்றவைத்துவிட்டால் வண்டி ஓடும். ஓடினால் யாரும் கேட்கமாட்டார்கள். மச்சானிடம் மெதுவாக ஒரு ரம் பாட்டிலோடு போய், பழசை விடுங்க என்று சொல்லிவிடலாம். ஊரும் மறந்துவிடும்.

"நான் வெளில யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றாள் நெரெய்தா, அவன் முகத்தைப் படித்தவள் போல. "நீயும் சொல்லாம இருந்துடலாம். எனக்குத் தெரியும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை ரெமிஹியோவின் வீட்டுக்குப் போனான். அவர் வாயில் இரண்டு கம்பிகளைக் கவ்விக்கொண்டு, மடியில் ஒரு கறுப்புக் குடையைக் குடல் கிழிந்த கோழி மாதிரி விரித்து வைத்திருந்தார். எவேலியோ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பாட்டில், மேடு, தட்டு, கண்ணாடி, மேல்தகடு எதையும் விடவில்லை. ரெமிஹியோ வாயிலிருந்த கம்பிகளை எடுத்தார்.

"இதை முதல்ல யார்கிட்ட சொல்ற?"

"உங்ககிட்டதான் மச்சான்."

"அன்னிக்குச் சொன்னது யார்கிட்ட?"

"ஸ்டாண்டுல, எல்லார்கிட்டயும்" என்றான் எவேலியோ.

"அப்ப எடம் மாறி வந்துட்ட" என்று சொல்லிவிட்டு ரெமிஹியோ கம்பிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

டேங்க்கைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு எவேலியோ ஸ்டாண்டுக்குப் போனான். காலைச் சவாரி முடிந்து டிரைவர்கள் மரத்தடியில் கூடியிருந்த நேரம். உலிசெஸ்தான் முதலில் பார்த்தான். "வண்டியைத் துண்டு துண்டா விக்கறியா?" என்றான். எவேலியோ டேங்க்கை இறக்கி அவர்கள் நடுவில் வைத்தான். டார்ச்சையும் கண்ணாடியையும் உலிசெஸ் கையில் கொடுத்தான்.

"எம் மச்சான் பெட்ரோல்ல தண்ணி கலந்ததே இல்ல" என்றான். குரல் சிறுத்துப் போயிற்று. மறுபடி உரக்கச் சொன்னான். "கலந்ததே இல்ல. இது நான் தினம் உறிஞ்சி உறிஞ்சி வாங்கிக் கட்டிக்கிட்டது. மேல் பக்கம் பாருங்க."

பார்த்தார்கள். சிரித்தார்கள், நன்றாகவே சிரித்தார்கள். "திருடன் வந்திருந்தா பெட்ரோல் மட்டும்தான் போயிருக்கும், நீ டேங்க்கையே குடிச்சுட்ட" என்றான் ஒருவன். எவேலியோ வாங்கிக்கொண்டான். கண்ணாடி கை மாறி மாறிப் போகப்போகச் சிரிப்பு அடங்கியது. அவர்களிலும் மாலையில் குழாயை எடுக்காதவன் யார் இருந்தான்? ஒருவன் எழுந்துபோய்த் தன் வண்டிக்குப் பின்னால் குனிந்து விரலால் தட்டிப் பார்த்தான்.

யோஸ்பனி என்ற டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "ரெமிஹியோகிட்ட நான் அரைக் கேன் வாங்கி வெச்சிருந்தேன்" என்றான். "நீ சொன்னதை நம்பிச் சாக்கடைல கொட்டினேன். எங்கம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக வெச்சிருந்தது. அன்னிக்கு லாரிக்காரன் கையைக் காலைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

எவேலியோ அவன் பக்கம் திரும்பினான். "தப்புதான்" என்றான். அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது.

அவன் டேங்க்கைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்வதற்கு முன்பே செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. சாயங்காலம் ரெமிஹியோ வந்தார். தங்கையைப் பார்த்துத் தலையசைத்தார். எவேலியோவிடம் ஒன்றும் பேசாமல் முற்றத்துக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து டேங்க்குக்குள் விட்டார். குடைக்காரர் கண், எதையும் அவசரமாகப் பார்க்காது. அடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மேலே வெகுநேரம் பார்த்தார்.

"தினம் உறிஞ்சிடுவ" என்றார்.

"ஆமா மச்சான். திருட்டுப் பயம்."

"தெரியும். எடுத்துக் கட்டிலுக்கடியில வெப்ப." கண்ணாடியை வெளியே எடுத்துத் துடைத்தார். "ஞாயித்துக்கிழமைல மட்டும் அங்க இருக்காது. குளியலறைல, பெரிய வாளிக்குப் பின்னால, துணி போட்டு மூடியிருக்கும். கை அலம்பப் போறப்ப பாப்பேன். துணியால நாத்தத்தை மூட முடியாதே."

அடுக்களை வாசலில் நின்றிருந்த நெரெய்தா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கேன் இடம் மாறுவது அவளுக்குத் தெரியும். தரை துடைக்கத்தான் நகர்த்துகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் தள்ளிக் கொண்டுவந்த பெட்ரோல் மாப்ள அது" என்றார் ரெமிஹியோ. குரலில் சூடில்லை. "எங்கிட்டேர்ந்தே ஒளிச்சு வெச்ச. அதனால நீ ஸ்டாண்டுல சொன்னப்போ எனக்கு ஆச்சரியமா இல்ல. என்னிக்குச் சொல்லப் போறியோன்னுதான் இருந்தேன்."

ஸ்டாண்டில் அத்தனை பேர் சிரித்தபோதுகூட எவேலியோவுக்கு இப்படிக் கூசவில்லை. கேனை ஒளித்துவைத்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது. கேனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடக்கும் ஒவ்வொரு ஞாயிறும், மச்சான் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தோமா என்று இப்போது யோசித்தான். நினைத்திருக்கிறான்.

"தெரிஞ்சும் ஏன் கொண்டுவந்துட்டே இருந்தீங்க?"

"உனக்கா கொண்டுவந்தேன்?" என்றார் ரெமிஹியோ. அடுக்களைப் பக்கம் அவர் பார்க்கவில்லை.

எவேலியோதான் அந்தப் பக்கம் திரும்பி நெரெய்தாவைப் பார்த்தான். பிறகு, "மன்னிச்சுக்குங்க மச்சான்" என்றான். சாக்கு எதையும் அதோடு சேர்த்துச் சொல்லவில்லை.

ரெமிஹியோ பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். "அடி நல்லாருக்கு. மேல்தகட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேற தகடு பத்தவெக்கலாம். நல்லாப் பிடி, ஆடாம" என்றார். எவேலியோ இரண்டு கையாலும் டேங்க்கைப் பிடித்துக்கொண்டான். நல்ல தகடு எங்கே தொடங்குகிறது என்று விரலால் அழுத்திப் பார்த்துப் பார்த்து அவர் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா" என்றாள் நெரெய்தா.

"இன்னிக்கு வேணாம்மா." சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். வாசலில் நின்று தங்கையிடம் சொன்னார், எவேலியோவின் காதில் நன்றாக விழும்படி. "ஞாயித்துக்கிழமை வரேன். வந்தா கை அலம்பப் போவேன், சொல்லிட்டேன்."